எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு வாக்கியம் புரிகிறதா? ஒரு வாக்கிய அட்டைத் தொகுப்பு பற்றிய மதிப்பீடு

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்ட மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கான வாக்கிய அட்டைத் தொகுப்பு ஒன்றை ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். மொத்தம் 60 அட்டைகள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு வாக்கியம், கீழே மூன்று படங்கள். குழந்தை வாக்கியத்தை வாசித்து, அதற்குரிய படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். இந்தத் தொகுப்பை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், ஊகித்துத் தப்பித்துவிட முடியாதபடி அந்த மூன்று படங்களும் வரையப்பட்டிருப்பதுதான்.

வழக்கமான படப் புத்தகத்தில் ‘பந்து மேசைக்கு அடியில் இருக்கிறது’ என்ற வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே அதன் படமும் இருக்கும். குழந்தை படத்தைப் பார்த்தே வாக்கியத்தைச் சொல்லிவிடும். வாசித்துவிட்டதாக நாமும் மகிழ்ந்துபோவோம். இந்த அட்டையில் மூன்று படங்களிலும் அதே பந்து, அதே மேசை. ஒன்றில் பந்து மேலே, ஒன்றில் அடியில், ஒன்றில் பக்கத்தில். ‘அடியில்’ என்ற சொல்லை வாசித்துப் பொருள் உணர்ந்தாலொழிய விடை கிடைக்காது.

என்னை மிகவும் யோசிக்க வைத்த அட்டை ‘நாயைப் பூனை துரத்தியது’. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி விரல் வைத்து, ஓர் எழுத்தும் தவறாமல் வாசித்தாள். வாசித்த கையோடு, நாய் பூனையைத் துரத்தும் படத்தைத் தொட்டாள். நாய், பூனை, துரத்தியது என்ற மூன்று சொற்களும் அவளுக்குத் தெரியும். மீதியை உலக வழக்கத்தைக் கொண்டு அவளே நிரப்பிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. இரண்டு பொம்மைகளைக் கையில் கொடுத்து, வாக்கியத்தில் உள்ளபடியே நடத்திக் காட்டச் சொன்னேன். ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்று பலகையில் எழுதி, அதையும் நடத்தச் சொன்னேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவள், ‘நாயை’ என்பதில் விரலை நிறுத்தி, “இதுல ‘யை’ இருக்கு, அப்ப நாய்தான் ஓடுது” என்றாள். இரண்டாம் வேற்றுமை என்ற பெயரே தெரியாத குழந்தை அதன் வேலையைக் கண்டுகொண்ட அந்த நொடிக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கலாம்.

ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல், வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்த பெருக்கற்பலன் என்று விளக்கினார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல். ஆகவே ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்தான். 247 எழுத்துகளைப் பழக்கும் மும்முரத்தில் நாம் இரண்டாவது திறனைத் தள்ளிப்போட்டுவிடுகிறோம். அதிலும் தமிழில், ‘தொரத்துச்சு’ என்று கேட்டு வளர்ந்த காதுக்குத் ‘துரத்தியது’ என்பதே புதிய சொல். அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன், வாய்மொழியாகக் கதை சொல்லும்போதே எழுத்து வழக்கைக் குழந்தையின் காதில் போட்டு வைக்க வேண்டும். இந்தத் தேவையைப் பற்றித் தொகுப்புடன் வரும் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

எதிர்மறை வாக்கியங்களுக்கான அட்டைகள் நன்றாக அமைந்துள்ளன. ‘சிறுவன் குடையை எடுக்கவில்லை’ என்பதில், ‘குடையை’ வந்ததுமே குழந்தையின் கை குடை பிடித்த சிறுவனை நோக்கிப் போய்விடுகிறது. வினை கடைசியில் வரும் மொழி நம்முடையது. கடைசி எழுத்துவரை பொறுத்திருந்து பொருள் கொள்ளும் பழக்கத்தை இந்த அட்டைகள் பொறுமையாக உண்டாக்குகின்றன.

அட்டைகளின் பின்புறமுள்ள கேள்விகளைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ‘பூனை பாலைக் குடித்தது’ என்று கொடுத்துவிட்டு, ‘பாலைக் குடித்தது எது?’ என்று கேட்கிறார்கள். ‘மொப்பி சடனை லுப்பியது’ என்று பொருளே இல்லாத ஒன்றை எழுதி, ‘சடனை லுப்பியது எது?’ என்று கேட்டாலும் குழந்தை ‘மொப்பி’ என்றுதான் சொல்லும். சொல்லைத் தேடி எடுத்துக் கொடுப்பது புரிதல் ஆகாது. ‘இப்போது கிண்ணத்தில் பால் இருக்குமா?’ என்று கேட்டிருந்தால் குழந்தை வாக்கியத்துக்குள் போயே தீர வேண்டும்.

ஓர் அட்டை தெளிவாகவே பிழை. ‘அக்கா பொம்மையைத் தங்கையிடம் கொடுத்தாள். அவள் சிரித்தாள்.’ தங்கை சிரிக்கும் படமே சரியென்று கையேடு சொல்கிறது. அக்கா சிரிக்கும் படத்தைக் காட்டிய குழந்தையும் சரியாகத்தான் வாசித்திருக்கிறது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துகள் பெரியவை, வாக்கியம் இடையில் உடையாமல் ஒரே வரியில் அமைந்திருக்கிறது. மேற்பூச்சின் பளபளப்பு மட்டும் சன்னலோரம் அமரும் குழந்தைகளின் கண்ணைக் கூசச் செய்கிறது.

சொற்களைத் தனித்தனியே வாசிக்கவே இன்னும் திணறும் குழந்தைக்கு இதை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். வாக்கியத்தை நாம் வாசித்துக் காட்டி, படத்தை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும். நான் அந்தப் பிழையான அட்டையை எடுத்துவிட்டு, பின்புறக் கேள்விகளை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு நான்கு அட்டைகளுக்கு மேல் எடுப்பதில்லை; ஒவ்வொன்றிலும் குழந்தை படத்தைத் தொட்டபின், சரியோ தவறோ, ‘எந்தச் சொல் அப்படிச் சொன்னது?’ என்று மட்டும் கேட்கிறேன்.