காரைக்குடி சிலம்ப வகுப்பு: நிஜச் சண்டைக்குக் கைகொடுக்குமா?

காலடி வரிசை அருமை. குதிகால் தரையில் ஒட்டிக்கிடக்கிறதா என்று ஆசான் குனிந்தே பார்க்கிறார். ஆனால் நெற்றி உயரக் கம்பைச் சுழற்ற நல்ல வெட்டவெளி வேண்டும்; செட்டிநாட்டு வீட்டின் தூண் சூழ்ந்த வளவுக்குள் சுழற்றினால் தூணில் தட்டி, அதிர்ச்சியில் பிடி நழுவும். எதிராளி நெருங்கிக் கம்பைப் பிடித்துவிட்டால் அலங்காரச் சுற்று எடுபடாது. அங்கே உதவுவது நேர்க்குத்தும் செடிக்குச்சி என்கிற மூன்றடிக் குட்டைக் கம்பும்தான். அவற்றை இங்கே கடைசியில்தான் தொடுகிறார்கள்.

பெரிய குறை, தலைக்கவசம் போட்டு மோதும் பயிற்சியே இல்லை. சொல்லிவைத்த அடியை மட்டும் தடுத்துப் பழகிய கை, சொல்லாத அடிக்குத் திணறும். சேர்வதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கம்பு நல்ல கெட்டி மூங்கில். கணுவைத் தேய்க்காமல் தருகிறார்கள், உள்ளங்கை கிழியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவுங்கள். காய்ந்த மூங்கில் நீளவாக்கில் வெடிக்கும்.