அரை நாள் கல்லூரியும் கடற்கரைக் கல்லூரியும்

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலை சேர விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் அந்த 2 ரூபாய் மட்டும். சேர்ந்த பிறகு ஆண்டுக் கட்டணம் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். இவ்வளவு மலிவாகக் கிடைப்பது எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு மே மாதமும் யாராவது தம்பி, தங்கை கேட்கிறார்கள். நான் பி.ஏ. தமிழ் படித்தது சென்னையில் ஒரு அரசுக் கல்லூரி. பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன். எம்.ஏ. படித்தது கடற்கரையில் இருக்கும் மாநிலக் கல்லூரி. படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், இப்போது திரும்பிப் பார்த்து எழுதுகிறேன். அன்று எரிச்சலாக இருந்த சில விஷயங்கள்தான் பிறகு உதவின.

முதலில் ஷிப்டு. இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பல அரசுக் கல்லூரிகள் இரண்டாகப் பிரிந்து நடக்கின்றன. எங்கள் கல்லூரியில் காலை ஷிப்டுக்காரன் எழுந்து போன பெஞ்சில் மதியக்காரன் வந்து உட்காருவான். ஒருவன் முகம் இன்னொருவனுக்குத் தெரியாது. காலையில் யாரோ மேசையில் கிறுக்கிய கானா வரிக்கு மதியம் யாரோ அடுத்த வரி எழுதியிருப்பான். மறுநாள் பார்த்தால் பாட்டு வளர்ந்திருக்கும். துறைச் சங்கத்தில் செய்த எதுவும் அந்தளவுக்கு வளர்ந்ததாக ஞாபகம் இல்லை.

இடப் பற்றாக்குறையால் வந்த இந்த ஏற்பாடுதான் என் வகுப்பில் பாதிப் பேரைப் படிக்க வைத்தது. காலை ஷிப்டு மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒருவன் ஜவுளிக்கடைக்குப் போவான், ஒருவன் உணவு டெலிவரிக்கு. முகூர்த்த மாதம் என்றால் கேட்டரிங். கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் பந்தி பரிமாறிவிட்டு, அங்கேயே சாப்பிட்டு, கையில் அன்றைய கூலியோடு கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்கள். மறுநாள் முதல் பீரியடில் தூக்கம் வழியும். தொல்காப்பிய வகுப்பில் தூங்கியவனை எழுப்ப வேண்டாம் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கையசைத்தது நினைவிருக்கிறது. முழு நாளும் வகுப்பில் உட்கார வைக்கும் கல்லூரியில் சேர்ந்திருந்தால் இவர்களில் பலர் இரண்டாம் செமஸ்டரைத் தாண்டியிருக்க மாட்டார்கள். மாணவன் சம்பாதித்துக்கொண்டே படிக்கட்டும் என்று யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

மதிய ஷிப்டு எனக்குப் பிடிக்காது. வெளியே வரும்போது அலுவலகம் விடும் நேரம், பஸ்ஸில் கால் வைக்க முடியாது. நூலகரும் கிளம்பிக்கொண்டிருப்பார். தொலைவிலிருந்து வரும் பெண்களுக்கு வீடு போய்ச் சேர இருட்டிவிடும், வீட்டில் தினமும் ஒரு விசாரணை.

குறைகள் என்றால் ஆசிரியர் பற்றாக்குறைதான் முதலில். எங்கள் கல்லூரியில் பாதிப் பாடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் எடுத்தார்கள். பிஎச்.டி. முடித்து, விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் தேறி, தொகுப்பூதியத்தில் காலம் தள்ளியவர்கள். எனக்குச் சங்க இலக்கியம் சொல்லிக் கொடுத்தவர் அப்படி ஒருவர்தான். அவரைவிட நன்றாக நடத்தியவர் அங்கே யாருமில்லை. செமஸ்டர் நடுவில் அவர்கள் போராட்டத்துக்குப் போனால் பாடம் நிற்கும். அதற்காக அவர்கள்மேல் கோபப்பட எனக்கு மனம் வந்ததில்லை. கழிவறை பற்றி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஒரு போனஃபைடு சான்றுக்கு அலுவலக ஜன்னலில் நின்ற நேரத்தில் ஒரு யூனிட் படித்து முடித்திருக்கலாம்.

மாநிலக் கல்லூரிக்கு வந்தபோது முதலில் மிரட்டியது கட்டடம். ராபர்ட் சிஷோல்ம் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது, 1870-இல் திறக்கப்பட்டது. ஆனால் கல்லூரி அந்தக் கட்டடத்தைவிட மூத்தது. 1840-இல் எழும்பூரில் ‘எடின்பரோ ஹோம்’ என்ற வாடகை வீட்டில் ஒரு ஆயத்தப் பள்ளியாகத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த அயர் பர்ட்டன் பவல் கல்லூரியின் முதல் முதல்வர். 1855-இல் பிரசிடென்சி கல்லூரி என்று பெயர் வந்தது; தமிழில்தான் மாநிலக் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857-இல்தான், ஆக பக்கத்தில் நிற்கும் பல்கலைக்கழகத்தைவிட இது மூத்தது. முதல் வாரத்திலேயே யாராவது சீனியர் இதைச் சொல்லிவிடுவார்.

இயற்பியலில் நோபல் வாங்கிய சி.வி. ராமனும் சந்திரசேகரும் இங்கே படித்தவர்கள் என்பதைச் சொல்லாத விழா கிடையாது. ராமன் தன் முதல் ஆய்வுக் கட்டுரையை 1906-இல் வெளியிட்டபோது இன்னும் மாணவர். எங்களைப் போன்ற தமிழ் மாணவர்களுக்குக் கணக்கு வேறு. உ.வே. சாமிநாதையர் 1903 முதல் 1919 வரை இங்கே ஆசிரியர். கும்பகோணத்திலிருந்து அவர் வந்து சேர்ந்த ஆண்டில் அவர் பதிப்பித்த ஐங்குறுநூறு, அடுத்த ஆண்டு பதிற்றுப்பத்து, 1918-இல் பரிபாடல் அச்சாயின. நாங்கள் பாடத்துக்கு வைத்துக்கொண்டு முழித்த நூல்கள் அவர் இங்கே பாடம் நடத்திய காலத்தில் வெளிவந்தவை. சிலையாக அவர் வளாகத்தில்தான் நிற்கிறார். திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டை 2012-இல் இடித்துவிட்டார்கள். அந்தத் தெரு வழியாகத்தான் மெஸ்ஸுக்குப் போவோம். ஒரு முறையாவது யாராவது ‘இங்கதான்டா இருந்துச்சு’ என்பார்கள்.

எம்.ஏ. வகுப்பில் எனக்கு அதிகம் கிடைத்தது பார்வையற்ற நண்பர்களிடமிருந்து. பாடநூலைச் சத்தமாக வாசித்துப் போனில் பதிவு செய்து கொடுப்போம். அண்ணன் ஒருவர் சீர் பிரிக்காமல் வாசித்தால் நிறுத்திவிடுவார்: ‘தம்பி, தளை தட்டுது, திரும்ப வாசி.’ எனக்குப் புறநானூறு மனதில் நின்றது அப்படித்தான். தேர்வு நேரம் வந்தால் சொல்வதை எழுத வேறு துறை ஜூனியர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவது ஒரு வேலை. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கென்று பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகளும் இங்கே உண்டு. மரத்தடியில் ஒரு கூட்டம் கைகளால் அரட்டை அடித்துக்கொண்டிருக்கும். எங்களைவிட அதிகமாகச் சிரிப்பார்கள். என்ன கிண்டல் என்று நமக்குப் புரியாது.

தேசியத் தரவரிசையில் கல்லூரிகள் பிரிவில் 2022-லும் 2023-லும் மாநிலக் கல்லூரிக்கு மூன்றாம் இடம். நல்லதுதான். ஆனால் சேரும் பிள்ளைகளின் அப்பா அம்மா கேட்பது அதை அல்ல, பஸ் தகராறு பற்றி. மறைக்க ஒன்றுமில்லை. ரூட்டு தல (ஒரு பஸ் தடத்து மாணவர் கூட்டத்தின் தலைவன்), பஸ் டே (மாணவர்கள் பஸ்ஸிலேயே ஆடிப் பாடிக் கொண்டாடும் நாள்), ஒரு கல்லூரிக்கும் இன்னொரு கல்லூரிக்கும் பகை, எல்லாம் உண்மை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தே போனார். கூரைமேல் ஏறிய பையனைத் தொலைக்காட்சி நூறு முறை காட்டும். அதே பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டு கேட்டரிங் வேலைக்குப் போகிற நாற்பது பேரைக் காட்டாது. சண்டையில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ரயிலில் போக முடிந்தால் போங்கள்; சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் பக்கத்தில்தான்.

நகரத்தில் ஒரு கல்லூரிக்கு இடம் என்பதே பெரிய சொத்து. காலி நிலம் கண்ணை உறுத்தும். சற்றுத் தள்ளி இருக்கும் ராணி மேரிக் கல்லூரி 1914-இல் தொடங்கியது, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. 2003-இல் அதை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப் போகிறோம் என்றது அரசு. மாணவிகள் வளாகத்தை விட்டு நகரவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். கல்லூரி அதே இடத்தில் இருக்கிறது.

அரசுக் கல்லூரி யாருக்கு ஒத்துவராது? வளாக நேர்காணலில் வேலை வாங்கித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு. அதே சமயம் அரசுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. அரை நாள் கையில் இருக்கும், கன்னிமாரா நூலகம் பஸ் தூரத்தில், திருவல்லிக்கேணியில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் பழைய புத்தகம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது, எங்கள் காலத்தில் இல்லை. ஆயிரம் ரூபாய் என்ன பெரிசு என்பவர்கள் மாதக் கடைசியில் மெஸ் கார்டோடு நின்றதில்லை.

சேர்க்கைக்கான தரவரிசைப் பட்டியலில் பின்னால் வந்து முதல் கலந்தாய்வில் இடம் கிடைக்கவில்லை என்றால் உடனே தனியாரில் பணம் கட்டிவிடாதீர்கள். பொறியியல் கலந்தாய்வு சூடு பிடித்ததும் சேர்ந்தவர்களே டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அப்போது வரும் காலியிடத்துக்குச் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். ஷிப்டு கேட்டால் காலை என்று சொல்லுங்கள்.