தெருவுக்கு சிசிடிவி போட்டோம்: கேமரா சூப்பர், சர்வீஸ் சுமார்

திருவான்மியூர்ல எங்க தெருவுக்கு வீட்டுக்கு இவ்ளோன்னு வசூல் பண்ணி எட்டு கேமரா மாட்டியிருக்கோம். மழை, வெயில், உப்புக்காத்து எல்லாம் பாத்தாச்சு, போலீஸும் வந்து ஃபுட்டேஜ் எடுத்துட்டு போயாச்சு, அதனால இப்ப ரிவ்யூ எழுதலாம்னு தோணுச்சு. போட்டுக் குடுத்த கடை பேரு போடல, திட்டறதுக்கு கொஞ்சம் விஷயம் இருக்கு, எதுக்கு வம்பு.

எதுக்கு போட்டோம்னு இந்த ஏரியாகாரங்களுக்கு சொல்லவே வேணாம். 2025 மார்ச் 25 காலைல ஒரு மணி நேரத்துக்குள்ள சைதாப்பேட்டை, கிண்டி, அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர்னு வரிசையா லேடீஸ் கழுத்துல இருந்து செயின அத்துட்டு போனானுங்க. அன்னைக்கே ரெண்டு பேர ஏர்போர்ட்ல ஃப்ளைட் கெளம்பறதுக்கு முன்னாடி அமுக்கிட்டாங்க, இன்னொருத்தன ஓங்கோல்ல ரயில்ல வெச்சு புடிச்சாங்க. சட்டைய மாத்துனவன் ஷூவ மாத்தல, அது தான் காட்டிக் குடுத்துச்சு, யோசிச்சு பாருங்க, ஷூ அடையாளம் தெரியற அளவுக்கு எங்கயோ ஒரு கேமரா ஒழுங்கா ஓடிட்டு இருந்திருக்கு. மறுநாள் விடியக்காலைல தரமணில அதுல ஒருத்தன் என்கவுன்டர்ல செத்தான், அவன் தான் மொதல்ல சுட்டான்னு போலீஸ் சொன்னாங்க. எங்க தெரு வாட்ஸப் குரூப்ல கைதட்டுற ஸ்டிக்கரா வந்து கொட்டுச்சு, ஒரு அட்வகேட் சார் மட்டும் அப்ப கோர்ட் எதுக்கு இருக்குன்னு கேட்டாரு, அவர போட்டு காய்ச்சி எடுத்துட்டாங்க. என்னைக் கேட்டா அவர் கேட்டது நியாயம் தான், கேமராவ வெச்சு ஆள உயிரோட புடிச்சாச்சு, மிச்சம் ஜட்ஜ் வேலை. சரி அது தனி சண்டை. அந்த வாரமே கேமரா போடணும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, மெயின்டனன்ஸ் காசு கேட்டா ஃபோன் எடுக்காதவங்க கூட ஜிபே பண்ணாங்க.

இப்ப செட் பத்தி. எட்டும் 4 மெகாபிக்சல் ஐபி கேமரா, ஒரு என்விஆர் (எல்லா கேமராவையும் ரெக்கார்ட் பண்ற பெட்டி), 4 டிபி ஹார்ட் டிஸ்க், பிஓஈ சுவிட்ச் (ஒரே வயர்ல கரண்ட்டும் நெட்வொர்க்கும் குடுக்கறது), சின்ன யுபிஎஸ், வயரிங் கூலியோட எழுபத்தஞ்சாயிரத்த தாண்டுச்சு. பகல்ல படம் அட்டகாசம், மொகம், கைல இருக்கற பை, பைக்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் எல்லாம் தெரியுது. பிரச்சனை ராத்திரில தான். சாதா 2.8 எம்எம் லென்ஸ் தெரு முழுக்க காட்டும், பாக்கறதுக்கு அழகா இருக்கும், ஆனா பத்து பதினஞ்சு அடி தாண்டினா நம்பர் பிளேட் படிக்க முடியாது. அதுவும் இருட்டுல கேமரா அடிக்கற ஐஆர் வெளிச்சம் (கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட்) பிளேட் மேல பட்டு அப்படியே வெள்ளையா அடிச்சுடும், வண்டி கொஞ்சம் வேகமா போச்சுன்னா இழுவின மாதிரி ஒரு கோடு, அவ்ளோ தான். கடைக்காரர் எட்டும் 2.8 போட்டு குடுத்துட்டு போக பாத்தாரு, எங்க தெருல டெலிகாம்ல வேலை பாக்கற தம்பி ஒருத்தன் தான் விடாம நின்னு தெரு ரெண்டு முனைலயும் மட்டும் ஜூம் வெக்கற வேரிஃபோகல் லென்ஸ் கேட்டு வாங்கினான். அதை பிளேட்டு வர்ற எடத்துக்கு மட்டும் இறுக்கி வெச்சு, ஷட்டர் ஸ்பீட கூட்டி, தெருவிளக்கு வெளிச்சம் விழற ஸ்பீடு பிரேக்கர் பக்கத்துலயே திருப்பி வெச்சோம். பிரேக்கர்ல எவனா இருந்தாலும் ஸ்லோ பண்ணித்தானே ஆகணும். இந்த செட்ல உருப்படியான விஷயம்னு கேட்டா இந்த ரெண்டு கேமரா தான், மத்த ஆறும் யாரு குப்பைய வெளிய போடறான்னு பாக்க உதவுது.

ஹார்ட் டிஸ்க் கணக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, நானே சொல்றேன். வீடியோவ சுருக்கி சேவ் பண்ற ஹெச்.265 முறைல ஒரு கேமராவுக்கு ரெண்டு எம்பிபிஎஸ் (செகண்டுக்கு ரெண்டு மெகாபிட்) வெச்சா நாளைக்கு 20 ஜிபிக்கு மேல திங்கும். எட்டு கேமராவுக்கு 4 டிபி போட்டா மூணு வாரம் வரைக்கும் நிக்கும், அதுக்கப்பறம் பழசு மேல எழுதிடும். 1 டிபி போதும் சார்னு சொல்றவங்கள நம்பாதீங்க, அது ஒரு வாரம் கூட தாங்காது, வெளியூர் போயிட்டு வந்து பாத்து கம்ப்ளைன்ட் குடுக்கறவங்களுக்கு அதுல ஒண்ணும் இருக்காது.

அடுத்து நெஜமா உபயோகப்பட்ட கதை. பக்கத்து தெருல ராத்திரி ஒரு பைக் போயிடுச்சு, க்ரைம் டீம்ல இருந்து ஒரு போலீஸ்காரர் பென் டிரைவோட வந்தாரு. என்விஆர் கீழ்வீட்டு மாமி வீட்ல தான் இருக்கு, அவங்க "காபி சாப்பிடறேளா"ன்னு கேக்க, அவரு "வேணாம்மா, மொதல்ல டைம பாக்கறேன்"னு சொல்லிட்டு தன் ஃபோன் மணியையும் ஸ்க்ரீன் மணியையும் பக்கத்து பக்கத்துல வெச்சு பாத்தாரு. 11 நிமிஷம் ஃபாஸ்ட். "சார், இப்படி இருந்தா கோர்ட்ல அவங்க வக்கீல் இதுலயே புடிச்சு ஆடுவாரு"ன்னு சிரிச்சாரு, வித்தியாசத்த எழுதி வாங்கிட்டு தான் காப்பி எடுத்தாரு. கடைக்காரர் நெட்ல தானா டைம் செட் ஆகற என்டிபிய ஆன் பண்ணாமலே போயிருக்காரு, ரெண்டு நிமிஷ வேலை அது. நம்ம தெரு முனை கேமரால பிளேட் சுத்தமா விழுந்திருந்துச்சு, கொஞ்ச நாள்ல ஆளும் மாட்டுனான், ஆனா எங்க கேமராவால தான்னு பெருமை அடிக்க மாட்டேன், அவங்க அதுக்கப்பறம் ரோடு நெடுக எத்தனை வீட்டு, கடை கேமராவ கெஞ்சி கேட்டு பாத்தாங்களோ. விஸ்வநாதன் சார் கமிஷனரா இருந்தப்ப 'மூன்றாவது கண்'ணுன்னு ஊர் பூரா கேமரா வெக்க சொன்னாங்களே, அது இப்படி ஒண்ணோட ஒண்ணு கோத்தா தான் வேலை செய்யுது.

இன்னொண்ணு, பென் டிரைவ்ல காப்பி குடுத்தா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. கோர்ட்ல அந்த வீடியோ சாட்சியா நிக்கணும்னா கூடவே ஒரு சர்டிபிகேட் வேணும், முன்னாடி அத 65பி சர்டிபிகேட்னு சொல்லுவாங்க, 2024 ஜூலை 1ல இருந்து புது சாட்சிய சட்டத்துல அது 63ஆவது பிரிவு. மிஷின் யார் பொறுப்புல இருக்கு, ஒழுங்கா ஓடுச்சா, ஃபைலோட ஹாஷ் வேல்யூ (ஃபைல யாரும் மாத்தலன்னு காட்டற கைரேகை மாதிரி ஒரு கோடு) என்ன, எல்லாம் ஃபார்ம்ல வரும், ஒரு பகுதிய நம்ம கையெழுத்து போடணும், இன்னொரு பகுதி எக்ஸ்பர்ட் போடறது. அதனால மிஷின் யார் பேர்ல இருக்குன்னு மொதல்லயே முடிவு பண்ணிடுங்க, எங்க தெருல அன்னைக்கு கையெழுத்து போட சொன்னதும் அசோசியேஷன் ஆளுங்க ஒவ்வொருத்தரா நழுவுனாங்க, கடைசில மாமி தான் போட்டாங்க.

மொபைல் ஆப் நல்லா தான் இருக்கு, அதுவே தலைவலியும் கூட. ஆரம்பத்துல பாஸ்வேர்ட ஒரு இருவது பேருக்கு மேல வெச்சிருந்தாங்க. ஒரு நாள் மத்தியானம் ஒரு பையன் கேட் கேட்டா நின்னு பாக்கறான்னு யாரோ கிளிப் எடுத்து செவப்பு வட்டம் போட்டு குரூப்ல விட்டாங்க, ஹிந்திக்காரன் மாதிரி இருக்கான், நோட்டம் பாக்கறான், புடிச்சு கட்டி வைங்கன்னு அரை மணி நேரத்துல கும்பலே கெளம்பிடுச்சு. பாத்தா ஃபுட் டெலிவரி பையன், டோர் நம்பர் பழசு புதுசு கொழப்பத்துல அட்ரஸ் தேடிட்டு இருந்திருக்கான், ஆர்டர் பண்ணவரு அதே குரூப்ல தான் இருந்தாரு. இதுல சிரிக்க ஒண்ணும் இல்லங்க. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குழந்தைகளுக்கு சாக்லேட் குடுத்த ஒரு வயசான அம்மாவ, புள்ள புடிக்கறவங்கன்னு வாட்ஸப் வதந்திய நம்பி அடிச்சே கொன்னுட்டாங்க, கோயிலுக்கு போன குடும்பம் அது. அதுக்கப்பறம் நாங்க பாஸ்வேர்ட மாத்தி ரெண்டு பேர்கிட்ட மட்டும் வெச்சிருக்கோம், கிளிப் வேணும்னா கம்ப்ளைன்ட் குடுங்க, போலீஸ்கிட்ட குடுப்போம், குரூப்ல போட மாட்டோம். இதுக்கு இன்னும் ரெண்டு பேர் என்கிட்ட பேசறது இல்ல.

கடைக்காரர் சர்வீஸ்க்கு வருவோம். மாட்டுன ஆளுங்க வேலை சுத்தம், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் சீல் பண்ணி, வயர கண்டூட்ல விட்டு, மழைல ஒரு கேமரா கூட போகல. காசு கைக்கு வந்த அப்பறம் ஃபோன் எடுக்கறது கொறைஞ்சிடுச்சு, உப்புக்காத்துல ஒரு கனெக்டர் பச்சை புடிச்சு கேமரா ஆஃப் ஆனப்ப "நாளைக்கு வரேன் சார்" தான், கடைசில அந்த டெலிகாம் தம்பியே மாத்துனான். ஏஎம்சி (வருஷ மெயின்டனன்ஸ் ஒப்பந்தம்) போடறதா இருந்தா எத்தனை மணி நேரத்துல வரணும்னு எழுதி வாங்குங்க.

கேமராவுக்கு அஞ்சுக்கு நாலரை, கடைக்கு ரெண்டு. புதுசா வாங்கறவங்க எஸ்டிக்யூசி (மத்திய அரசோட டெஸ்டிங் அமைப்பு) சான்றிதழ் இருக்கற மாடலான்னு கேட்டு வாங்குங்க, 2025 ஏப்ரல்ல இருந்து அது கட்டாயம், பழைய ஸ்டாக்க ஆஃபர்னு தள்ளி விடப் பாப்பாங்க. லென்ஸ் சந்தேகம், பில் டீட்டெயில் வேணும்னா கமென்ட்ல கேளுங்க, கடை பேரு மட்டும் கேக்காதீங்க.