ஹேண்டிகேப்போடு ஒரு வருடம்: 23.8 முதல் 22.7 வரை

போன வருடம் தைப்பூசம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் மூன்றாவது கோல்ஃப் ஸ்கோர் கார்டைக் கொடுத்தேன். மறுநாள் காலை கைப்பேசியில் செயலியைத் திறந்தபோது 23.8 என்று நின்றது. என் முதல் ஹேண்டிகேப், அதாவது ஆட்டக்காரருக்கு எத்தனை அடி சலுகை என்று முடிவு செய்யும் எண். மூன்று கார்டுமே நூறைத் தாண்டியவை: 104, 101, 107. பார் 72 (தேர்ந்த ஆட்டக்காரர் 72 முறை அடித்து முடிக்க வேண்டிய) மைதானத்தில் சராசரியாக 32 அடி கூடுதலாக அடிப்பவனுக்கு 23.8 எப்படி வந்தது? மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. வயது 71. சின்ன வயதில் தோட்டத்துத் துரைமார்களுக்குக் கோல்ஃப் பை தூக்கி, அப்படியே ஆட்டம் பழகியவர்.

"சராசரி கேட்டா 32தான் மாப்பிள்ளை. அது உங்க நல்ல நாள் எப்படி இருக்கும்னு மட்டும்தான் பாக்குது. போகப் போகத் தெரியும்" என்றார்.

போகப் போகத்தான் தெரிந்தது. பினாங்கில் ஹேண்டிகேப் எடுக்கலாமா என்று யோசிக்கிற நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அந்த எண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று ஒரு முழு வருடம் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கு. 2020 ஜனவரியில் உலக ஹேண்டிகேப் முறை வந்தது. அதுவரை உலகத்தில் ஆறு விதமான கணக்குகள் இருந்தன. ஆர் அண்ட் ஏ என்னும் கோல்ஃப் விதி அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து அவற்றை ஒன்றாக்கின. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு டிஃபரன்ஷியல் போடுவார்கள். நீங்கள் அடித்த மொத்தத்தில் மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங்கை (தேர்ந்தவர் அங்கே எத்தனை அடியில் முடிப்பார் என்ற மதிப்பீடு) கழித்து, 113 ஆல் பெருக்கி, ஸ்லோப் ரேட்டிங்கால் வகுக்க வேண்டும். நான் வழக்கமாக ஆடுவது பெருநிலத்தில் உள்ள ஒரு கிளப்பில். அங்கே வெள்ளை டீக்கு (குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) ரேட்டிங் 71.8, ஸ்லோப் 128. என் 101க்கு வந்தது 25.8. மூன்று கார்டு மட்டும் இருந்தால் மிகக் குறைந்ததை எடுத்து, அதிலிருந்தும் 2 கழிப்பார்கள். அதனால்தான் 23.8. கார்டு சேரச் சேர இந்தச் சலுகை மாறும். இருபது கார்டு ஆன பிறகு, கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரிதான் உங்கள் இண்டெக்ஸ், அதாவது ஹேண்டிகேப் எண். மீதிப் பன்னிரண்டு எவ்வளவு மோசமாக இருந்தாலும் சராசரியில் சேராது.

இந்த எட்டு, இருபது கணக்கை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி குழப்பம் போய்விடும்.

ஸ்லோப் என்பது மைதானம் எங்களைப் போன்றவர்களை எவ்வளவு படுத்தும் என்பதன் அளவு. 55இல் தொடங்கி 155 வரை போகும். 113 என்றால் நடுத்தரம். என் 23.8ஐ வைத்துக்கொண்டு எங்கள் மைதானத்தில் இறங்கினால் 27 அடி சலுகை கிடைக்கும். அதே எண்ணோடு சுங்கை பாக்காப் பக்கம் புக்கிட் ஜாவிக்கோ, தீவில் மேடும் பள்ளமுமான புக்கிட் ஜம்புலுக்கோ, கோலாலம்பூரில் 1893இல் தொடங்கிய ராயல் சிலாங்கூருக்கோ போனால், அங்கங்கே உள்ள டீயின் ரேட்டிங்குக்கு ஏற்றபடி கூடும், குறையும். ஒருமுறை எடுத்த இண்டெக்ஸ் எங்கே போனாலும் செல்லுபடியாவது எனக்குப் பெரிய வசதி. வேலை விஷயமாகக் கோலாலம்பூர் போகும்போதெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் பிளைட்டில் (ஒன்றாக ஆடும் குழு) சேர்ந்து ஆடுவேன். யாருக்கு யார் எத்தனை அடி தர வேண்டும் என்று பேரம் பேச வேண்டியதே இல்லை.

இனி மாமாவோடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அவர் இண்டெக்ஸ் அப்போது 13.6. எங்கள் மைதானத்தில் அது 15 அடி. என்னுடையது 27. ஆகவே அவர் எனக்கு 12 அடி தர வேண்டும். தோற்றவர் ரொட்டி சானாய்க்கும் தே தாரேக்கும் காசு கொடுக்க வேண்டும். வேறு எந்த விளையாட்டில் 71 வயது மாமனாரும் 44 வயது மாப்பிள்ளையும் பதினெட்டாவது குழி வரைக்கும் சரிசமமாக மல்லுக்கட்ட முடியும்? ஹேண்டிகேப் இல்லாவிட்டால் நான்காவது வாரமே விட்டிருப்பேன், அவருக்கும் அலுத்திருக்கும்.

ஜூன் தொடக்கத்தில் இருபது கார்டு சேர்ந்தது. இண்டெக்ஸ் 21.4. அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஏன் என்று இன்றுவரை தெரியாது, குழியை நோக்கி உருட்டிய பந்தெல்லாம் உள்ளே போனது. முதல் நாள் பெய்த மழையில் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள புல்தரை) கொஞ்சம் மெதுவாகியிருந்தது, துணிந்து அடிக்க முடிந்தது. 88 அடித்தேன். டிஃபரன்ஷியல் 14.3. இண்டெக்ஸைவிட 7.1 குறைவு.

ஞாயிறு காலை பார்த்தால் 19.3. ஒரே இரவில் இரண்டுக்கு மேல் இறங்கிவிட்டது. நானே தாளில் போட்டுப் பார்த்ததில் 20.3தான் வந்தது. மீதி ஒன்று எங்கே போனது? இண்டெக்ஸைவிட 7 முதல் 9.9 வரை குறைவாக அடித்தால் அதை அசாதாரண ஸ்கோர் என்று எடுத்துக்கொண்டு, கடைசி இருபது டிஃபரன்ஷியலிலும் தலா ஒன்றைக் கழித்துவிடுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு கழியும். புதிய கார்டுகள் வர வர இந்தக் கழிவு தானாகக் கரைந்துபோகும்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றாக ஆடியதற்குத் தண்டனையா என்று மாமாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் தன் பழைய கதையைச் சொன்னார். முன்பெல்லாம் போட்டியில் ஜெயித்தால் கமிட்டி உட்கார்ந்து பேசி ஹேண்டிகேப்பை வெட்டுமாம். யாரை எவ்வளவு வெட்டுவது என்பதில் முகம் பார்ப்பதும் உண்டாம். "இப்ப எல்லாருக்கும் ஒரே கத்தி" என்றார். சில மாதம் கழித்து ஒரு சங்கத்தின் வருடாந்திரப் போட்டியில் அதன் அருமை புரிந்தது. 28 ஹேண்டிகேப் என்று பதிந்திருந்த ஒருவர் 85 அடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கு முன் நான்கு மாதமாக அவர் கார்டு எதுவும் ஏற்றவே இல்லை என்று அவர் பிளைட்டில் ஆடியவரே சொன்னார். நல்ல ஸ்கோரை மறைத்து வைத்து ஆடுவது மற்ற எல்லாருடைய பையிலும் கை விடுவதற்குச் சமம். எந்தக் கணக்கும், உள்ளே போகிற கார்டை வைத்துத்தான் பேசும். அசாதாரண ஸ்கோர் விதி இருப்பதால் அப்படி ஒருவர் ஜெயித்த மறுநாளே பிடிபடுவார். கோப்பை திரும்ப வராது, ஆனால் அடுத்த போட்டியில் அந்த 28 இருக்காது.

19.3க்குப் பிறகு மாமா எனக்குத் தர வேண்டியது ஏழே அடி. ஜூலை, ஆகஸ்ட் முழுக்க ரொட்டி சானாய் என் செலவு.

ஒரு குழியில் சரிந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பதினான்காவது குழி குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய பார் 3. இரண்டு பந்தைத் தண்ணீரில் விட்டு, பங்கர் என்னும் மணல் குழியிலும் விழுந்து, ஒன்பதில் முடித்தேன். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மாமா என் பென்சிலை வாங்கி 9ஐச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 6 என்று எழுதினார். பாருக்கு மேல் இரண்டு, அந்தக் குழியில் எனக்குக் கிடைக்கும் ஓர் அடி, ஆக மொத்தம் ஆறு. ஹேண்டிகேப் கணக்குக்கு ஒரு குழியில் அதற்கு மேல் போகாது. நெட் டபுள் போகி என்பார்கள். போட்டி முடிவுக்கு ஒன்பது ஒன்பதுதான். ஆனால் ஒரு குழியால் முழு நாள் கணக்கும் கெட்டுப்போகாது.

வானிலைக்கும் ஒரு திருத்தம் இருக்கிறது. அன்றைக்கு ஆடிய எல்லாருடைய ஸ்கோரையும் இரவில் ஒப்பிட்டு, மைதானம் வழக்கத்தைவிடக் கடினமாக இருந்ததா என்று பார்க்கிறார்கள். குறைந்தது எட்டுப் பேர் கார்டு இருந்தால்தான் கணக்கு நடக்கும். மைனஸ் 1 முதல் பிளஸ் 3 வரை வரலாம். அக்டோபரில் காற்றும் மழையுமாக ஒரு நாள் 97 அடித்தேன். பிளஸ் 1 கிடைத்து, டிஃபரன்ஷியல் 21.4 ஆனது. இன்னொரு நாள் பன்னிரண்டாவது குழியில் இடி சைரன் ஊதி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நம் ஊரில் இது புதிதா என்ன? முன்பு ஆடாமல் விட்ட குழிகளுக்கு நெட் பார் (பாரோடு உங்கள் சலுகை அடி) போட்டு நிரப்புவார்களாம். 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் தரத்தில் இருப்பவர் எவ்வளவு அடிப்பார் என்று எதிர்பார்க்கிறார்களோ அதைப் போடுகிறார்கள். இதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. மழைக்கு ஒதுங்கியவனுக்கு இலவசமாகப் பார் எதற்கு?

குளிர் நாடுகளில் சீசன் முடிந்தால் கார்டு ஏற்றுவதும் நின்றுவிடும், வசந்தம் வரை இண்டெக்ஸ் தூங்கும். நமக்கு அப்படி இல்லை. பன்னிரண்டு மாதமும் சீசன்தான். நோன்பு மாதத்தில் எங்கள் பிளைட்டின் மலாய் நண்பர்கள் வருவது குறையும், தீபாவளி வாரத்தில் நாங்கள் போக மாட்டோம். ஆனால் எண் ஓய்வெடுக்காது. இருபது கார்டு என்பது வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு ஐந்து மாத வரலாறு. மாதம் ஒருமுறை ஆடுபவருக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல்.

நவம்பரில் நடந்ததைப் பலர் புரிந்துகொள்ளாமல் செயலியைத் திட்டுகிறார்கள். ஒரு ஞாயிறு சுமாராக ஆடினேன், டிஃபரன்ஷியல் 21.9. என் கணக்கில் மோசமே இல்லை. மறுநாள் இண்டெக்ஸ் 20.1இலிருந்து 21.2க்கு ஏறியிருந்தது. காரணம் அன்றைய ஆட்டம் இல்லை. ஜூனில் அடித்த அந்த 88 இருபத்தொன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டு வெளியே போய்விட்டது. உள்ளே வருவது எது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் அன்றிலிருந்து வெளியே போவது எது என்றும் பார்க்க ஆரம்பித்தேன். செயலியில் இருபது வரிசையாக இருக்கும், கணக்கில் சேர்ந்த எட்டுக்கு மட்டும் குறி போட்டிருக்கும். குறி போட்ட ஒன்று அடியில் போய் நின்றால், அடுத்த வாரம் எண் ஏற வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அதற்குப் பிறகு சறுக்கல்தான். மட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றப் போய் டிரைவர் மட்டையில் அடிக்கும் நீண்ட அடி கெட்டது. தை பிறக்கும்போது சிறந்த எட்டின் சராசரி 23.1. ஆனால் இண்டெக்ஸ் 22.7 என்று காட்டியது. இதுதான் சாஃப்ட் கேப். கடந்த 365 நாளில் உங்கள் மிகக் குறைந்த இண்டெக்ஸிலிருந்து மூன்று வரை தாராளமாக ஏறலாம். அதற்கு மேல் ஏறுவதில் பாதிதான் கொடுப்பார்கள். ஐந்தோடு முழுக்க நின்றுவிடும், அது ஹார்ட் கேப். என் குறைந்தது 19.3. அதோடு மூன்று 22.3. மீதி 0.8இல் பாதி 0.4. கொஞ்ச நாள் சரியாக ஆடவில்லை என்பதற்காகப் பழைய திறமை காணாமல் போய்விடாது என்ற நினைப்பில் வைத்த வரம்பு இது. நான் இதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் முதுகு அறுவைச் சிகிச்சை ஆனவர், வயதாகி வேகம் போனவர் நிலைமை வேறு. அவர்கள் கிளப் கமிட்டியிடம் வாய் திறந்து கேட்க வேண்டும், கமிட்டி திருத்திக் கொடுக்கலாம். நம் பெரியவர்கள் பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை முறையின் மேல் இல்லை, நடத்துபவர்கள் மேல். நான் விருந்தாளியாக ஆடிய ஒரு கிளப்பில் மாதாந்திர மெடல் போட்டிக் கார்டுகளை மூன்று வாரம் ஏற்றாமல் வைத்திருந்தார்கள். அதற்குள் இன்னும் மூன்று கார்டு ஏறிவிட்டது, அடுத்த போட்டிக்குத் தவறான எண்ணோடு போனேன். தினமும் திருத்தப்படும் கணக்கு இது. கார்டை அன்றே ஏற்றாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. நீங்களே ஏற்ற முடிந்தால் கார் நிறுத்துமிடத்தை விட்டுக் கிளம்பும் முன் ஏற்றிவிடுங்கள். மோசமான கார்டையும்தான்.

போன ஞாயிறு மாமாவின் இண்டெக்ஸ் 14.8 ஆகிவிட்டது. பதினேழு அடி. எனக்கு இருபத்தாறு. "ஒன்பது தரணுமா?" என்று கார்டை இரண்டு முறை பார்த்தார். பதினேழாவது குழியில் ஆட்டம் முடிந்தது, அவர்தான் ஜெயித்தார். கிளப் ஹவுஸ் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பதினெட்டையும் ஒவ்வொன்றாகச் செயலியில் தட்டினார். நான் 103ஐத் தட்டினேன். ஜூன் கடைசியில் அந்த 19.3 ஒரு வருடத்தைத் தாண்டிவிடும், பிறகு வரம்பு வேறு இடத்திலிருந்து எண்ணப்படும். அதற்குள் அதைவிடக் குறைவான ஒன்றை உட்கார வைக்க வேண்டும் என்று பழைய பிடிக்கே திரும்பிவிட்டேன். புதன்கிழமை சாயங்காலம், மழை வராவிட்டால், ஒன்பது குழி.