எச்.ஐ.வி. மறுபரிசோதனை: 45 நாளா, 3 மாதமா?

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை. எங்கே, எப்போது டெஸ்ட் எடுப்பது? தமிழ்நாட்டில் இரண்டு வழி. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவச ரேபிட் டெஸ்ட், இல்லையென்றால் தனியார் லேபில் காசு கொடுத்து ஃபோர்த் ஜெனரேஷன் டெஸ்ட். நான் லேபுக்குப் போனேன். இன்னொரு முறை தேவைப்பட்டாலும் அங்கேதான் போவேன்.

செலவில் மையம்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. ரகசியத்தை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டப்படி இரண்டு இடத்திலும் காத்தாக வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது காத்திருக்கும் காலம். ரேபிட் டெஸ்ட் தேடுவது, வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியை. அது கண்ணில் படும் அளவுக்குச் சேர சிலருக்கு மூன்று வாரம் போதும், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். அதனால்தான் நெகட்டிவ் வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். ஃபோர்த் ஜெனரேஷன் டெஸ்ட், வைரஸின் சொந்தப் புரதமான பி24-ஐயும் சேர்த்துத் தேடுகிறது. அது ஆன்டிபாடிக்கு முன்பே ரத்தத்தில் தலைகாட்டிவிடும். எனவே உறவு நடந்து 45 நாள் கழித்து வரும் நெகட்டிவை நம்பலாம். ஒரு மாதத்துக்கும் மேல் தூக்கம் மிச்சம்! ஆனால் இந்தக் கணக்கு நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்ப்பதற்கு மட்டும்தான். விரலில் குத்திப் பார்க்கும் கிட் என்றால் மூன்று மாதமே. பில் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயத்தில் வாராவாரம் எடுப்பது வீண். 45ஆம் நாள் ரிசல்ட் அன்றைய நிலவரத்தைச் சொல்வதில்லை, ஒன்றரை மாதம் முந்தையதைத்தான் சொல்கிறது. நடுவில் இன்னொரு முறை பாதுகாப்பில்லாமல் உறவு நடந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். உறவுக்குப் பிறகு தொற்றைத் தடுக்கச் சாப்பிடும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்கள், அந்த 28 நாள் கோர்ஸ் முடிந்த பிறகுதான் எண்ண வேண்டும். வைரஸையே நேரடியாகத் தேடும் என்.ஏ.டி. டெஸ்ட் இன்னும் சீக்கிரம் காட்டும். நான் எடுத்ததில்லை, விலையும் அதிகம்.

தொடர்ந்து டெஸ்ட் எடுக்க வேண்டியவர்கள் விஷயம் வேறு. அதில் எனக்கு அனுபவம் குறைவு. துணை மாறிக்கொண்டிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஆபத்து அதிகமென்றால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, தொற்று வராமலிருக்க முன்கூட்டியே ப்ரெப் மாத்திரை சாப்பிடுபவர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். ஒவ்வொரு தடவையும் லேபுக்கு யார் காசு கட்டுவது? அவர்களுக்கு மையமே சரி. லேபில் பாசிட்டிவ் என்று வந்தாலும் அங்கே போவதுதான் நல்லது. மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்து உறுதி செய்வார்கள், வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. சிகிச்சையும் இலவசம். பக்கத்து மையம் எதுவென்று எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு போன் செய்தால் சொல்வார்கள்.