நியூசிலாந்து, 9 நாள், ஆறு பெர்த் மோட்டார்ஹோம்: உள்ள எவ்ளோ சத்தம்னு மட்டும் ஒரு ரிவ்யூ

மெல்போர்ன்ல இருந்து கிறைஸ்ட்சர்ச் போயி, அங்க ஆறு பெர்த் மோட்டார்ஹோம் ஒண்ணு (ஆறு பேர் படுக்கலாம், கிச்சன் டாய்லெட் எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி) வாடகைக்கு எடுத்து 9 நாள் சவுத் ஐலண்ட் சுத்திட்டு வந்தோம். நான், வொய்ஃப், பையன், அப்புறம் ஊர்ல இருந்து வந்திருந்த அப்பா அம்மா. கம்பெனி பேரு வேணாம், அவங்க மேல கோவமும் இல்ல, படுக்கை சுத்தமா இருந்துச்சு, ஹீட்டர் அருமை, டாய்லெட் கூட அம்மாவே ஓகே சொல்லிட்டாங்க. ஆனா சத்தம் இருக்கே சாமி, புக் பண்றதுக்கு முன்னாடி நான் பாத்த பத்து வீடியோல ஒருத்தர் கூட வாய தொறக்கல, எல்லாரும் ஏரிக்கரைல நிறுத்திட்டு காப்பி குடிக்கறதத்தான் காட்டறாங்க, ஓட்டும்போது என்ன கேக்குதுன்னு காட்டறது இல்ல.

கிறைஸ்ட்சர்ச் விட்டு வெளில வர மோட்டார்வே வழுவழுன்னு இருந்துச்சு, அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. ரோல்ஸ்டன் தாண்டி சாதா ஹைவே வந்ததும் ஆரம்பிச்சுது பாருங்க. கீழ இருந்து ஒரு ஹோன்னு இரைச்சல், தலைக்கு மேல உஸ்ஸுன்னு காத்து, பின்னாடி கிச்சன்ல பாத்திரக்கடைய தள்ளுவண்டில வச்சு தள்ளிட்டு வர மாதிரி லொடலொட. வொய்ஃப் பக்கத்து சீட்டுல இருந்து ஏதோ சொல்றா, எனக்கு உதடு அசையறது மட்டும்தான் தெரியுது.

இங்க அப்பாவ பத்தி சொல்லணும். 28 வருஷம் அரசு பஸ் டிரைவர். இன்ஜின் டிரைவர் பக்கத்துலயே பானெட்டுக்குள்ள கெடக்குமே, மேல நாலு பேரு உக்காந்து வருவாங்களே, அந்த காலத்து பஸ்ல இருந்து ஓட்டினவர். ஜெரால்டின்ல முதல் தடவ நிறுத்தினப்ப இறங்கி கூட போகல, "டேய், இன்ஜின்ல ஒண்ணும் இல்லடா, பூரா பாடி சத்தம்"னாரு. ஓடும்போது பெல்ட்ட கழட்டி எழுந்திருக்க முடியாது, அதனால உக்காந்த எடத்துலயே காத வச்சு குறிச்சு வச்சிருக்காரு. சமையல் ஓவனுக்குள்ள இருக்கற கிரில் தட்டு ஒண்ணு, அடுப்பு மேல கண்ணாடி மூடி ரெண்டு, மேல் ஷெல்ஃப்ல பீங்கான் தட்டு, ஸ்பூன் டிராயர், ஷவர் கதவு. கிரில் தட்ட துண்டுல சுத்தி படுக்கைக்கு கீழ போட்டாரு, தட்டுங்களுக்கு நடுவுல டீ டவல் (பாத்திரம் தொடைக்கற துணி), கண்ணாடி மூடிக்கு கீழ பையனோட சாக்ஸ், ஷவர் கதவு இடுக்குல அவரோட ரப்பர் செருப்பு. இருபது நிமிஷ வேலை. திரும்ப கெளம்பினா பாதி சத்தம் காணோம். நெஜமா சொல்றேன், காசு போட்டு எதுவும் வாங்க வேணாம், துணி போதும்.

மிச்ச பாதிதான் மேட்டர். அது துணிக்கு அடங்காது. நியூசிலாந்துல ஊருக்கு வெளில முக்கால்வாசி ரோடு சிப் சீல், அதாவது தார ஊத்தி மேல ஜல்லிய தூவி அழுத்தறது. செலவு கம்மி, மழைல டயருக்கு நல்ல பிடிப்பு, ஆனா சொரசொரப்பு அதிகம், டயர் அதுல உருளறதுதான் அந்த ஹோ. வழில திடீர்னு வழவழப்பான தார் ஒரு ரெண்டு கிலோமீட்டர் வரும், யாரோ மாவு மில்ல நிறுத்தின மாதிரி அப்படி ஒரு அமைதி, திரும்ப ஜல்லி வந்ததும் மில்லு ஓட ஆரம்பிச்சுரும். நம்ம கார்லயும் இது கேக்கும், ஆனா கார்ல கனமான தகடு, கார்பெட்டு, நல்ல ரப்பர் பீடிங் எல்லாம் இருக்கு. இதுல சுவருங்கறது ரெண்டு மெல்லிசு ஷீட்டு, நடுவுல தெர்மாகோல் மாதிரி ஃபோம், ஜன்னல் பிளாஸ்டிக். குளிருக்கு அது நல்லது. சத்தத்த தடுக்க எடை வேணும், வீட்டையே டயர் மேல வச்சு ஓட்டறவன் எடைய எங்க ஏத்துவான்.

காத்து இன்னொரு கத. நாங்க எடுத்தது டிரைவர் தலைக்கு மேல படுக்கை துருத்திட்டு இருக்கற டைப். பையனுக்கு அது சொர்க்கம், ராத்திரி அங்கதான் தூக்கம். ஆனா காத்த நெத்தியால முட்டிக்கிட்டே போற வண்டி அது. வேகம் கூடக்கூட டயர் சத்தத்த விட காத்து சத்தம்தான் வேகமா ஏறுது. போன்ல ஒரு ஆப் போட்டு பாத்தேன், அந்த நம்பர அப்படியே நம்ப வேணாம், ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட மட்டும்: முன்சீட்டுல 60 கிலோமீட்டர் வேகத்துல 65 டெசிபல், 80ல 70, 90ல 74 கிட்ட. 10 டெசிபல் ஏறினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமா தோணும், அப்ப 60க்கும் 90க்கும் என்ன வித்தியாசம்னு பாத்துக்கோங்க. 3500 கிலோவுக்கு மேல இருந்தா அங்க லிமிட்டே 90தான், எங்க வண்டி அந்த கணக்குல வந்துச்சு, அதுவும் நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்கிட்டேன். மூணாவது நாள்ல இருந்து 80லயே ஓட்டினேன், பின்னாடி கார் சேர்ந்தா ஓரம் கட்டி விட்டுருவேன். ஒரு மணி நேர ஓட்டத்துல எட்டு நிமிஷம் போல லேட், ஆனா தலவலி மாத்திர செலவு மிச்சம்.

கேன்டர்பரி சமவெளில வடமேற்கு காத்து அடிக்கற நாள்ல மட்டும் 80 கூட வேணாம். பக்கவாட்டுல அறையும், கூரை வென்ட் தடதடன்னு அடிச்சுக்கும், அம்மா கந்த சஷ்டி சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

பாட்டு கேக்கலாம்னு நெனச்சீங்கன்னா, ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் மொத்தமா காணாமப் போயிருச்சு, வயலினும் குரலும் மட்டும் மிச்சம். ரோட்டு இரைச்சல் கீழ் ஸ்தாயில இருக்கறதால அதே ஸ்தாயில வர்றத முழுங்கிருது. பின் சீட்டோட பேசணும்னா கத்தணும். அம்மா "முறுக்கு வேணுமா"ன்னு கேட்டது எனக்கு "நிறுத்த வேணாம்"னு கேட்டு, டாய்லெட் நிறுத்தம் ஒண்ண தாண்டி போயிட்டேன், அதுக்கு நாள் பூரா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்புறம் முன்னாடி இருந்து பின்னாடிக்கு வாட்ஸ்அப் கால் போட்டு பேசினோம், சிரிக்காதீங்க, நல்லாவே வேலை செஞ்சுது, லிண்டிஸ் பாஸ்ங்கற மலைப்பாத பக்கம் சிக்னல் போற வரைக்கும். அந்த ஏத்தத்துலதான் இன்ஜின் முதல் தடவையா கத்துச்சு, கியர் எறங்கி எறங்கி ஏறுச்சு. மத்த நேரம் இன்ஜின குறை சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு சத்தம் மட்டும் ரெண்டு நாள் அப்பாவுக்கே பிடிபடல. வளைவுல மட்டும் டொக், ரெண்டு செகண்டு கழிச்சு இன்னொரு டொக். ஸ்டெப்னி, கேஸ் சிலிண்டர், தண்ணி டேங்க் மூடி எல்லாம் பாத்தாச்சு, கம்பெனிக்கு போன் போடலாம்னு நான் சொல்ல, அவரு இருடான்னுட்டாரு. கடைசில ட்விஸல்ல ராத்திரி சோறு வைக்கும்போது அம்மா டிராயர தொறந்தா, நாங்க வீட்டுல இருந்து கொண்டு போன குக்கர் வெயிட்டு, உள்ள இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உருண்டுட்டு இருந்திருக்கு.

திரும்ப எடுப்பேனான்னா எடுப்பேன். ஆனா தலைக்கு மேல படுக்கை இல்லாத, கொஞ்சம் தாழ்வான மாடல். அஞ்சு பேருக்கு இடம் பத்தாதுன்னா இதேதான், ஆனா ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஓட்டற மாதிரி பிளான் போட மாட்டேன். வண்டி எடுக்கும்போது டெப்போலயே டீ டவல் நாலு எக்ஸ்ட்ரா கேட்டு வாங்கிக்கோங்க, எங்களுக்கு குடுத்தாங்க. கடைசி நாள் காலைல எல்லா துணியையும் உருவி மடிச்சு வச்சுட்டு டெப்போவுக்கு கெளம்பினா திரும்பவும் அதே லொடலொட, அப்பா பின் சீட்டுல நிம்மதியா தூங்கிட்டாரு.