மன்னருக்காகக் காத்திருப்பவர்: நாவலா, படமா?

டேவ் எக்கர்ஸ் 2012இல் எழுதிய 'எ ஹோலோகிராம் ஃபார் தி கிங்' நாவலை 2016இல் டாம் டிக்வர் படமாக்கினார். கடனில் மூழ்கிய அமெரிக்க விற்பனையாளர் ஆலன் கிளே, சவூதிப் பாலைவனத்தில் எழும் புதிய நகரத்தில், ஹோலோகிராம் (முப்பரிமாண ஒளியுருவம்) தொழில்நுட்பத்தை விற்கும் ஒப்பந்தத்துக்காக மன்னரின் வருகையை எதிர்பார்த்துக் காத்துக் கிடக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணம் வேறு கழுத்தை நெரிக்கிறது.

சிரிக்க வேண்டுமென்றால் படம்தான். ஆலனாக வரும் டாம் ஹாங்க்ஸும் கார் ஓட்டுநர் யூசெஃபும் பேசிக்கொண்டே போகும் பயணங்கள் அத்தனை கலகலப்பு! மருத்துவர் ஸஹ்ராவுடனான காதலும் கைகூட, நிம்மதியாக முடிகிறது.

நாவல் அப்படி விடுவதில்லை. ஷ்வின் சைக்கிள் கம்பெனியில் இருந்தபோது, உற்பத்தி வெளிநாட்டுக்குப் போகத் துணைநின்றவர் ஆலன். இப்போது அவர் நம்பியிருந்த ஒப்பந்தமும் சீன நிறுவனத்துக்கே போய்விடுகிறது. படம் வேகமாகக் கடந்துவிடும் அந்தக் குற்றவுணர்வை எக்கர்ஸ் விடாமல் தோண்டுகிறார். எனக்கு நாவல்தான் ஒரு படி மேல்.